நாலு திசையிலும் பொங்கிய பால்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும் என்னைச் சமையலறைக்குள் விடமாட்டார்கள். வாசலில் வரவேற்பார்கள், காபி கொடுப்பார்கள், நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைப்பார்கள். ஆனால் அந்த நாற்காலி எப்போதும் சமையலறைக்கு எதிர்ப்பக்கமாகவே இருக்கும். எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தால், "மாமா, என்ன வேணும்? நாங்க எடுத்துத் தர்றோம்" என்று யாராவது ஒருவர் வழியை மறித்துக்கொண்டு நிற்பார். இந்த மரியாதைக்கு நான் முழுத் தகுதி உடையவன். அதை எப்படிச் சம்பாதித்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நான் பினாங்கு ரோட்டில் ஒரு மின்சாதனக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். வயது இருபத்தெட்டு. மெல்லிய மீசை, பையில் இரண்டு பேனா (ஒன்று எழுதாது, அழகுக்கு). எங்கள் சீன முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், ஒருநாள் ஒரு பெரிய பெட்டியைக் கடைக்கு இறக்கினார். மைக்ரோவேவ் அடுப்பு. அதை எப்படி விற்பது என்று கம்பெனிக்காரர்கள் அரை நாள் வகுப்பு நடத்தினார்கள். நாலு மொழியில் வாயடிக்கிறவன் என்ற ஒரே காரணத்தால் என்னை அனுப்பினார்கள். காலையில் விற்பனையாளனாகப் போனேன்; மதியம் திரும்பும்போது விஞ்ஞானியாகியிருந்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் கடை வாசலில் என் கச்சேரி. எண்ணெய் இல்லாமல் அப்பளம் பொரித்துக் காட்டுவேன். அப்பளம் உள்ளே சுற்றிச் சுற்றி வந்து குபுகுபுவென்று உப்பும்போது, லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்க வந்த அக்காமார்கள் பையோடு நின்றுவிடுவார்கள். "நெருப்பே இல்லாம எப்படித் தம்பி வேகுது?" என்று கேட்பார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடம் நடத்துவேன்.

"எவர்சில்வர் பாத்திரம் உள்ள வைக்காதீங்க. தங்க பார்டர் போட்ட தட்டும் வேண்டாம். இரும்பு, பித்தளை, அலுமினியத் தாள், எது வச்சாலும் தீப்பொறி பறக்கும். மூடி இறுக்கமா போட்ட டப்பாவை வைக்காதீங்க, வெடிச்சிரும். முட்டையை ஓட்டோட வைக்காதீங்க, அதுவும் வெடிச்சிரும். காலியா ஓட விடாதீங்க. உள்ள புகை கண்டா கதவத் தொறக்காதீங்க. பிளக்கப் புடுங்குங்க. தொறந்தா காத்துப் பட்டு நெருப்பு பெருசாயிரும்."

இதைச் சொல்லும்போது ஒரு கை உயரும், ஒரு புருவம் உயரும். தவுக்கே கல்லாவிலிருந்து பார்த்துத் தலையாட்டுவார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் வசந்தா வந்தாள். பட்டர்வொர்த்தில் ஆசிரியை. அக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறி, புத்தகம் வாங்க வந்தவள். எல்லாரும் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கையோடு கொடுத்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டி, "பால், தண்ணி சூடு பண்றப்ப உள்ள மரக்கரண்டி போட்டு வைக்கணும்னு போட்டிருக்கே, ஏன்?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நல்லவேளை, வகுப்பில் அந்த இடத்தில் நான் தூங்கவில்லை. "வழவழன்னு இருக்கற கண்ணாடிப் பாத்திரத்துல பால் கொதிக்க வேண்டிய சூட்டுக்கு மேலயே போயிரும், ஆனா கொதிக்காம சாது மாதிரி உக்காந்திருக்கும். அப்புறம் சர்க்கரையோ கரண்டியோ பட்டுச்சோ, ஒரேயடியா எகிறிரும். முன்னாடியே மரக்கரண்டி கிடந்தா அது மெதுவா கொதிச்சிரும். சூடானதும் அரை நிமிஷம் சும்மா விட்டுட்டுத்தான் எடுக்கணும்" என்றேன். அவள் தலையசைத்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். இவ்வளவு சீக்கிரம் யாரும் அப்பளத்தால் கெட்டுப்போனதில்லை.

ஒரு வருடத்தில் விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. எனக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். வசந்தாவைப் பார்த்த அன்றே அம்மா சம்மதம் சொல்லிவிட்டார். வசந்தாவுக்கு அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். அவர்தான் மலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் மடித்த குடை. என்னைப் பார்த்ததும் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீர் சாமான் விக்கிறவரோ?"

"ஆமா அங்கிள்."

"அப்ப வாய் நல்லா ஓடும். வாய் ஓடினாப் போதாது தம்பி. வீடு ஓடவேணும்."

நான் புதிதாக ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோகப் போகிறேன், ஒன்பதாவது மாடி, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம் என்று சொன்னேன். அவர் யோசித்தார். "வந்து பாக்கிறன். பிறகு கதைப்பம்" என்றார். அதாவது, அந்த வெள்ளிக்கிழமை காலைதான் எனக்குப் பரீட்சை. தேறினால் வசந்தா. தேறாவிட்டால் வாழ்நாள் முழுக்க அப்பளம்.

நான் குடிபோகும் செய்தி கேட்டு, தவுக்கே காட்சிக்கு வைத்திருந்த மைக்ரோவேவையே எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அந்தக் கனத்தை வியாழக்கிழமை நான் லிஃப்டில் ஏற்றிச் சமையலறையில் வைத்தேன். அம்மா அதற்கு விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்தார். கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். நம் ஆட்களுக்குத் தெரியும், புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அது நல்ல நேரத்தில் பொங்கி வழிய வேண்டும், கிழக்குப் பக்கம் வழிந்தால் ரொம்ப விசேஷம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு லிஃப்ட் நின்றுவிட்டது.

ஒன்பது மணிக்குக் கீழேயிருந்து ஒரு ஹாரன். எட்டிப் பார்த்தேன். மணியம் அண்ணே, எங்கள் வட்டாரத்தில் கேஸ் போடுகிறவர், மோட்டார்சைக்கிளில் கேஸ் தோங்கோடு நின்றுகொண்டிருந்தார். (சிலிண்டரை எங்கள் ஊரில் தோங் என்றுதான் சொல்வோம்.) நான் ஒன்பது மாடி இறங்கி ஓடினேன்.

"தம்பி, லிஃப்ட் ரொசாக் லா! ஒத்தையா தூக்குனா என் இடுப்பு ஒடைஞ்சிரும். நீங்க ஒரு பக்கம் புடிங்க. மெதுவா நின்னு நின்னு ஏத்திரலாம்."

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நொடியில் என் மனதுக்குள் ஓடியது தோங்கின் கனம் இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும் மைக்ரோவேவ்தான். வசந்தாவின் அப்பா முன்னால் நெருப்பே இல்லாமல் பால் பொங்க வைத்துக் காட்டினால்? வாய் மட்டும் ஓடுகிறவன் இல்லை, விஞ்ஞானமும் ஓடும் என்று தெரிந்துவிடுமே? கடவுளே லிஃப்டை நிறுத்தி எனக்கு வழி விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். (கடவுள் இந்தப் பழியை இன்னும் சுமக்கிறார்.)

"பரவாயில்லண்ணே. மேல கரண்ட் அடுப்பு இருக்கு. சாயந்திரம் லிஃப்ட் சரியானதும் கொண்டாங்க."

"நல்ல நாள் அதுவுமா, பால் காய்ச்சணும்னு சொன்னீங்களே?"

"அதுலயே காய்ச்சிக்கறோம்ணே."

மேலே வந்ததும் அம்மா வாசலிலேயே நின்றார். "எங்கடா தோங்கு?"

"ஏறமாட்டேன்னுட்டாரும்மா. ஒம்பது மாடின்னதும் திரும்பிட்டாரு."

"மணியமா? அவன் அப்படிச் சொல்லமாட்டானே. சரி விடு, பக்கத்து வீட்டு மக்சிக் கிட்ட ஒரு அடுப்பு கேட்டு வாங்கிட்டு வா லா."

மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் ஏற்கனவே கதவைத் திறந்து நின்றுகொண்டு, தன் அடுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் "தெரிமா காசி மக்சிக், வேண்டாம் மக்சிக்" என்று நன்றி சொல்லிக் கும்பிட்டு அவரையும் உள்ளே அனுப்பிவிட்டேன். ஒருவனுக்குக் கேடுகாலம் வந்தால் எத்தனை பேர் வழிமறித்தாலும் நிற்கமாட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு வசந்தாவும் அவள் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். பெரியவர் ஒன்பது மாடியும் நடந்தே ஏறியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"கேஸ் வரேல்லையோ தம்பி?"

"கேஸ்காரரு ஒம்பது மாடி ஏறமாட்டேன்னுட்டாரு அங்கிள். இந்தக் காலத்துல யாருக்கு ஒழுங்கா வேலை செய்ய மனசு இருக்கு?"

கடைசி வாக்கியத்துக்கு அவசியமே இல்லை. வியாபாரப் பழக்கம், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

"அப்பிடியோ" என்றார் பெரியவர். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சமையலறையில் எல்லாரும் கூடினோம். அம்மா புது எவர்சில்வர் பானையை எடுத்தார். நான் கையை உயர்த்தினேன், புருவத்தையும் உயர்த்தினேன். "அம்மா, மைக்ரோவேவுக்குள்ள எவர்சில்வர் வைக்கக் கூடாது." ஓரக்கண்ணால் பெரியவரைப் பார்த்துக்கொண்டேன். கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி ஜக்கில் பாலை ஊற்றினேன். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னாடா இது, ஆஸ்பத்திரியில வைக்கற மாதிரி மொட்டையா இருக்கு? ஒரு பூவாச்சும் சுத்த வேணாமா?"

பூதானே, சுற்றினால் சுற்றட்டும் என்று விட்டேன். அம்மா முதல்நாள் மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிவந்த மல்லிகைச் சரத்தை ஜக்கின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். விசேஷத்துக்கென்று சொல்லிக் கட்டிய சரம். நடுநடுவே வெள்ளி ஜிகினா வைத்து, தகதகவென்று இருந்தது. தங்க பார்டர் போட்ட தட்டு கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அந்த ஜிகினாவைக் கண்ணால் பார்த்து, "அழகா இருக்கும்மா" என்று வேறு சொல்லி, கதவை மூடி, பொத்தானை அமுக்கினேன்.

நாலு நொடி அமைதி. பிறகு உள்ளே தீபாவளி.

பட், பட், படபடவென்று நீலப் பொறி. மல்லிகை சுருண்டு கறுத்தது. ஜிகினா ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு மின்னல் அடித்தது. புகை கண்ணாடிக் கதவை மறைத்தது. அம்மா "முருகா!" என்றார். எத்தனை சனிக்கிழமை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், புகை கண்டால் கதவைத் திறக்காதே, பிளக்கைப் பிடுங்கு என்று? நான் கதவைத்தான் இழுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கியது வசந்தா.

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க!" என்றாள்.

புகை அடங்கக் காத்திருந்தோம். வீடு முழுக்கக் கருகிய மல்லிகை வாசனை. பெரியவர் ஜன்னல் பக்கம் போய் நின்று கடலைப் பார்த்தார். அம்மா பூவைப் பிய்த்து எறிந்து, ஜக்கைக் கழுவி, புதுப் பால் ஊற்றினார். அடுப்பை நான் துடைத்துப் பார்த்தேன். உள்ளே எதுவும் உருகவில்லை, கருகவில்லை. அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? பக்கத்து வீட்டு அடுப்பை வாங்கி வந்திருப்பான். மணி பத்து இருபது. இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆனால் பாதியில் விட்டால் தோற்றதாகிவிடும் என்று எனக்கு ரோஷம்.

"இப்ப பாருங்க அங்கிள், ரெண்டு நிமிஷத்துல பொங்கிரும்."

வசந்தா என் காதருகே வந்து, "மரக்கரண்டி?" என்றாள்.

"அதைப் போட்டா பால் அமைதியா கொதிச்சிரும். நமக்குப் பொங்கணுமே!" என்றேன்.

இதைவிட முட்டாள்தனமான ஒரு வாக்கியத்தை நான் அறிவோடு சொன்னதில்லை. எகிறக் கூடாது என்பதற்காகச் சொன்ன விதி அது. எனக்கோ அன்றைக்கு எகிறினால்தான் சுபம். ஆகவே விதியைத் தெரிந்துகொண்டே தலைகீழாக்கினேன். கம்பெனி வகுப்பில் இப்படி ஒரு ஆபத்தைப் பற்றி அவர்கள் எழுதியிருக்கமாட்டார்கள். பால் பொங்கி வழிய வேண்டும் என்று நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்கும் கூட்டத்தை அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு நிமிடம் ஆயிற்று. பால் பொங்கவில்லை. கதவைத் திறந்தேன், அடுப்பு நின்றது. மூடிப் பொத்தானை அமுக்கினேன், மறுபடி ஓடியது. அம்மா, "பொங்கறதக் கண்ணால பாக்கணும்டா" என்றார். மறுபடி திறந்தேன். பால் ஆடாமல் அசையாமல், ஒரு குமிழிகூட இல்லாமல், வெண்மையாக என்னைப் பார்த்தது. இன்னொரு நிமிடம் வைத்தேன். இன்னும் ஒன்று. ஆவி மட்டும் மெலிதாக வந்தது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தால் ஏதோ பிந்திவிட்டது என்று அர்த்தம்.

"பத்து இருபத்தேழு" என்றார்.

"சரிடா, போதும்" என்றார் அம்மா. "காஞ்சிருச்சு, அதுவே பெருசு. பெரியவங்க கையால சர்க்கரை போடட்டும். ராகு காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

கதவைத் திறந்தேன். ஜக் உள்ளேயே இருந்தது. அம்மா ஒரு கரண்டி சர்க்கரையைப் பெரியவர் கையில் கொடுத்தார். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டு, கரண்டியை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாது மாதிரி உட்கார்ந்திருக்கும். சர்க்கரை பட்டால் எகிறும். "அங்கிள்!" என்று கத்திக்கொண்டே அவர் கையைத் தட்டிவிட என் கையை நீட்டினேன். வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு நொடி முன்னால் நீட்டியிருந்தால் வீரம். நான் நீட்டியபோது பாதிச் சர்க்கரை உள்ளே விழுந்தாகிவிட்டது.

பால் எழுந்தது. பொங்கியது என்று சொல்லமாட்டேன், எழுந்தது. ஒரு சத்தம், "உஸ்" என்று. அடுப்பின் கூரையில் மோதி, வெளியே குதித்து, மேடையில் ஓடி, தரையில் இறங்கி, சுவரில் ஏறி, எப்படி என்று எனக்கு இன்றும் தெரியாது, மேலே கூரைவரை நாலு சொட்டு தெறித்தது. என் மணிக்கட்டில் சரியான சூடு. பெரியவரின் வெள்ளைச் சட்டையில் பால் தெறித்திருந்தது. கையிலும் முகத்திலும் ஒரு காயம் இல்லை, கண்ணாடி இரண்டும் மட்டும் வெள்ளையாகிவிட்டன. அவர் அந்த வெள்ளைக் கண்ணாடியோடு ஆடாமல் நின்றார்.

முதலில் பேசியது அம்மா.

"பொங்கிருச்சு!" என்று கைதட்டினார். "பத்தரைக்கு முன்னாடி பொங்கிருச்சு!"

பெரியவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். மணியைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் பொங்கினது?"

அம்மா சுற்றிலும் பார்த்தார். தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என் அம்மா.

"எல்லாப் பக்கமுந்தாங்க" என்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மக்சிக், என் கையைப் பார்த்ததும் பற்பசை கொண்டுவர ஓடினார். வசந்தா, "ஒண்ணும் பூசக் கூடாது" என்று என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், என் மணிக்கட்டைத் தண்ணீருக்குக் கீழே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னைத் திட்டவும் செய்தாள். எனக்குக் கை எரிந்தது, முகமும் எரிந்தது. வாழ்க்கையில் ஒரு மனிதர் முன்னால் ஒழுங்கானவன் என்று பெயர் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மனிதரின் சட்டையிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர் போகும்போது "பிறகு பாப்பம்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு ஒன்பது மாடி இறங்கினார். முதலில் "பிறகு கதைப்பம்" என்றவர், இப்போது "பிறகு பாப்பம்" என்கிறார். இந்த வித்தியாசத்தை நான் எட்டு நாள் தூங்காமல் ஆராய்ந்தேன்.

நடுவில் வசந்தா ஒருநாள் கடைக்கு ஃபோன் செய்தாள். "அப்பா ஒண்ணுமே பேசல குணா. காலையில பால் குடிக்கறப்ப மட்டும் கொஞ்ச நேரம் டம்ளரையே பாத்துக்கிட்டிருக்காரு."

அடுத்த சனிக்கிழமை கடை வாசலில் மறுபடி கச்சேரி. மணிக்கட்டில் கட்டு. குரலில் பழைய கம்பீரம் இல்லை. பத்துப் பன்னிரண்டு அக்காமார்கள் நின்றிருந்தார்கள். எவர்சில்வர் கூடாது என்று ஆரம்பித்து, ஜிகினா வைத்த பூவும் கூடாது என்று ஒரு புது விதியையும் சேர்த்தேன். (அதை விளக்கப் புத்தகத்தில் நீங்கள் பார்க்க முடியாது.) நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் ஒரு மடித்த குடை தெரிந்தது. குடைக்கு மேலே வசந்தாவின் அப்பா.

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினார்.

"தம்பி, ஒரு கேள்வி. கொதிக்காத மாதிரி இருக்கிற பாலுக்குள்ள சர்க்கரை போட்டா என்ன ஆகும்?"

"எகிறும் அங்கிள். பக்கத்துல நிக்கறவங்களச் சுட்டுரும். முன்னாடியே மரக்கரண்டி போட்டிருக்கணும், அரை நிமிஷம் விட்டிருக்கணும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே செய்யல. என் தப்பு."

அக்காமார்கள் என் கட்டைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள்.

"இன்னொரு கேள்வி. அண்டைக்குக் கேஸ்காரர் ஒன்பது மாடி ஏறமாட்டன் எண்டு சொன்னவரோ?"

இந்தக் கேள்வி மைக்ரோவேவுக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் நின்றிருந்த எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். என் வாய் வியாபார வாய். அரை நொடியில் மூன்று பதில் தயாராகிவிட்டன. மூன்றும் நல்ல பதில்கள். வசந்தா என் கையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. மூன்றையும் விழுங்கினேன்.

"இல்ல அங்கிள். அவரு ஒரு பக்கம் புடிக்கச் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன். உங்க முன்னாடி இதைப் போட்டுக் காட்டணும்னு ஆசை."

பெரியவர் குடையை ஊன்றி நின்றார். "நான் வரேக்க அந்த ஆள் கீழ நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர். மேல இருக்கிற தம்பி கரண்ட் அடுப்பு இருக்கெண்டு பின்னேரம் கொண்டுவரச் சொல்லிட்டார் எண்டு எனக்கு முதலே சொன்னவர். நான் ஒன்பது மாடியும் ஏறினது பாலுக்கில்லை. நீர் என்ன சொல்லப்போறீர் எண்டு கேக்க."

வேலை செய்ய மனசு இல்லாத காலத்தைப் பற்றி நான் சொன்ன இலவச இணைப்பு காதில் திரும்ப ஒலித்தது.

"முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷனில நிண்டவன் நான்" என்றார் அவர். "ரயில் பிந்தினாச் சனம் பொறுக்கும். ஏன் பிந்தினது எண்டதில பொய் சொன்னாத்தான் பொறுக்காது. சரி, இப்ப சொல்லிட்டீர். பிந்தித்தான் சொன்னீர். ஆனா வந்து சேந்திட்டுது." பிறகு குடையை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். கல்யாணத்தைப் பற்றிக் கதைப்பம். தேத்தண்ணி எங்கட வீட்டு அடுப்பில போடுவம்" என்றார்.

முன்வரிசையில் நின்ற ஒரு அக்கா, "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும், அப்பளம் எப்ப போடுவீங்க?" என்றார்.

அந்த வீட்டில் நாங்கள் பதினெட்டு வருடம் இருந்தோம். கூரையில் அந்த நாலு சொட்டும் இருந்தன. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் மெல்ல எட்டிப் பார்த்தன. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள். மாமா, அதாவது பெரியவர், கடைசிவரை எனக்கு ஃபோன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "பால் எப்பிடி?" என்பார். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை இன்னும் எதிர்பார்க்கிறேன்.

அண்மையில் எங்கள் மகள் செபராங் ஜெயாவில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினாள். அழைப்பிதழைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாள், நேரம், முகவரி எல்லாம் சரியாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: பால் அடுப்பில் காய்ச்சப்படும்.

"இது எதுக்குமா?" என்றேன்.

"நிறைய பேரு ஃபோன் பண்ணிக் கேட்டாங்கப்பா. அப்புறம், கேஸ்காரர்கிட்ட நீங்க பேசவேண்டாம். நானே பேசிட்டேன்."

அன்றைக்குக் கேஸ்காரர் வந்தபோது நான் வாசல் நாற்காலியிலிருந்து எழுந்து போய், ஒரு வார்த்தையும் பேசாமல், தோங்கின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். சமையலறை வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்தே பார்த்தேன். எவர்சில்வர் பானை, கழுத்தில் ஜிகினா இல்லாத பூ, அடியில் நல்ல நீல நெருப்பு. பால் ஒழுங்காக எழும்பி, கிழக்குப் பக்கமாக மட்டும், அடக்கமாக வழிந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள்.

வசந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். என் மணிக்கட்டிலிருந்த பழைய தழும்பைப் பிடித்துக்கொண்டு, அப்படியே அவள் அப்பாவின் குரலில் கேட்டாள்:

"ஒரு பக்கந்தானோ பொங்கினது?"